குறிப்பேட்டை மூடச் சொன்னவரும் 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

வணக்கம், நேயர்களே. வழக்கமான சமையல் காணொளியை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று எனக்கு வேறு எதையும் பேச மனம் வரவில்லை. லண்டனில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த என்னிடம் ஊழியர் ஒருவர் வந்து, குறிப்பெடுக்க அனுமதி இல்லை என்று கூறிக் குறிப்பேட்டை மூடச் சொன்னார்.

எதையும் கையால் எழுதினால்தான் எனக்கு மனத்தில் தங்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதுவும், சுருள்கம்பி உரசும் ஓசை பிறருக்கு இடையூறாகும் என்பதற்காகவே, கம்பியில்லாத குறிப்பேடாகத் தேடி இரண்டு பவுண்டு கொடுத்து வாங்கியிருந்தேன். ஆகவே நானும் விடவில்லை. கார்டிஃப் கிரவுன் நீதிமன்றம் தொடர்பான ஈவிங் வழக்கில், பார்வையாளர்கள் குறிப்பெடுக்க முன் அனுமதி பெறத் தேவையில்லை என்று உயர் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்திருக்கிறது என்பதைப் பணிவாகவே எடுத்துச் சொன்னேன். அவர் நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகரிடம் சென்று கேட்டுத் திரும்பி வந்து, "எழுதுங்கள்" என்றார். அந்த ஒரு சொல் போதும், ஒரு வாரத்துக்கு நான் மகிழ்ச்சியாக இருப்பேன். கைபேசியில் எழுதுவது வேறு. அதற்குப் பார்வையாளர்கள் அனுமதி கேட்க வேண்டும். அனுமதியற்ற ஒலிப்பதிவை 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமும், படமெடுப்பதை 1925-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுப்பதால்தான் இன்று உங்களுக்கு என் முகத்தைத் தவிர வேறு காட்சி இல்லை.

ட்ரான்ஸ்ஃபார்ம் ஜஸ்டிஸ் என்ற தொண்டு நிறுவனம் 2023-இல் தன்னார்வலர்களை லண்டன் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் அமர்த்தி விசாரணைகளைக் கவனிக்கச் செய்ததைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் நானும் செல்லத் தொடங்கினேன். நான் முதலில் குறித்துக்கொள்வது, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனக்கு என்ன நடக்கிறது என்பது புரிந்ததா என்பதைத்தான். அங்கே எனக்கு அறவே பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது அவரை உள்ளே நிறுத்தும் கண்ணாடிக் கூண்டு. தண்டனை பெறாத ஒருவரைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அவருடைய வீட்டையும் வேலையையும் பற்றி அவருக்குச் சரியாகக் கேட்காத குரலில் பேசிக்கொள்கிறார்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், அங்கே தீர்ப்பளிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத சாதாரணக் குடிமக்கள். வழக்கமாக மூவராக அமர்வார்கள், சட்டம் சொல்ல ஒரு சட்ட ஆலோசகர் உடனிருப்பார். இங்கிலாந்தின் குற்றவியல் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இவர்களிடமே முடிந்துவிடுகின்றன.

இனிக் குறிப்பேட்டுக்கு வருகிறேன். காலையில் தலைமை தாங்கிய பெண்மணி, பிணை நிபந்தனைகளை வாசித்த பிறகு, எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது, எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதைக் கூண்டிலிருந்த இளைஞரின் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தார். அவர் தடுமாறியபோது சலிப்பின்றி மறுபடி விளக்கினார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. பிற்பகலில் வேறோர் அறையில் இருந்தவரோ வழக்கறிஞரிடம் மட்டுமே பேசினார். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி இடுக்கின் வழியே பாதி வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்கள். நிபந்தனை புரியாமல் வெளியே போகிறவர் அதை மீறினால் கைதாகலாம் என்பதை அந்த அவசரத்தில் யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

நீங்களும் போகலாம். சிறார் நீதிமன்றத்துக்கு மட்டும் பொதுமக்கள் செல்ல முடியாது. வாசலில் பையைச் சோதிப்பார்கள். தண்ணீர்ப் புட்டி வைத்திருந்தால் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள், அதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.