தடுப்பூசி போட்டும் பன்றிக்குட்டிகள் சாவது ஏன்?

மலேசியாவின் பீடோரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பன்றிப் பண்ணையில் வேலை செய்யும் தம்பி கேட்கிறார்: "பால் மறந்த குட்டிகளுக்கு மூட்டு வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, செத்துவிடுகின்றன. கிளாசர் நோய் என்றார்கள். கொன்ற கிருமியால் ஆன ஊசி போட்டும் பயனில்லை. கிருமியின் ஒரு புரதத்தை மட்டும் வைத்துச் செய்யும் ஊசி எப்படிக் காப்பாற்றும்?"

தம்பி, இந்தக் கிருமியின் மேல் ஒரு சர்க்கரைப் போர்வை இருக்கிறது. அதில் 15 வகைகள் உண்டு. கொன்ற கிருமியைப் போட்டால், உடல் பெரும்பாலும் அந்தப் போர்வையைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. உங்கள் பண்ணையில் இருப்பது வேறு வகையானால், ஊசி போட்ட குட்டியும் தப்பாது.

ஆனால் எந்த வகையானாலும் கிருமி பெருக இரும்புச்சத்து வேண்டும். பன்றியின் ரத்தத்தில் இரும்பைச் சுமப்பது டிரான்ஸ்ஃபெரின். அதைப் பிடித்து இரும்பைப் பறிக்க, கிருமியின் மேற்பரப்பில் டிபிபி-பி என்ற புரதம் நிற்கிறது. இந்தப் புரதத்தை உடல் அடையாளம் வைத்துக்கொண்டால், போர்வை எந்த வகையானாலும் கிருமியைத் தாக்கும் வாய்ப்பு உண்டு. அதன் மரபணுவை இ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, புரதத்தை வளர்த்துச் சுத்தம் செய்து ஊசியாக்குகிறார்கள். உள்ளே நோய்க்கிருமியே இல்லாததால் ஊசியால் இந்த நோய் வராது.

இதில் ஒரு சிக்கல் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஊசியில் போன புரதம் பன்றியின் டிரான்ஸ்ஃபெரினையே பிடித்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள் உருவாக வேண்டிய முக்கியமான பகுதி அதனால் மறைந்துவிடுகிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் அந்தப் புரதத்தில் 167ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். பிடிக்கும் தன்மை போயிற்று. மாற்றாத புரதத்தைவிட இதுவே பன்றிகளை நன்றாகக் காத்தது என்று 2015இல் வெளியிட்டார்கள். எலியிடம் சோதித்திருந்தால் இது புலப்பட்டிருக்காது. இந்தப் புரதம் பிடிப்பது பன்றியின் டிரான்ஸ்ஃபெரினை மட்டும்தான்.

புது ஊசிக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் பண்ணைக் கிருமி எந்த வகை என்று தெரிய வேண்டும். 1998இல் ஈப்போ பக்கம் பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய நோயை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி அதற்கான ஊசி போட்டார்கள்; நிப்பா வைரஸ் என்று 1999இல்தான் தெரிந்தது. அதற்குள் எத்தனை பண்ணைத் தொழிலாளர்களை இழந்துவிட்டோம்! ஆகவே மருந்து போடாத, அப்போதுதான் செத்த குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். மூக்குச் சளி மட்டும் போதாது. நோயில்லாத பன்றியின் மூக்கிலும் இந்தக் கிருமி இருக்கும். மூட்டு, நெஞ்சறை, மூளை உறை ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.