ஆரல்வாய்மொழிக்கு முன்னே அவிழ்த்த கட்டுச்சோறு

நடுவர் அவர்களுக்கும் இரு அணிப் பேச்சாளர்களுக்கும் நாகர்கோவில் பெருமக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே வருகிறேன்.

விடுமுறைக்குக் காரில் வெகுதூரம் போகும்போது மகிழ்ச்சி தருவது ஒரே மூச்சில் போய்ச் சேருவதா, நின்று நின்று போவதா? நின்று நின்று போவதே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார், அரங்கமே கை தட்டியது. "நின்னு நின்னு போறவங்க ஆரல்வாய்மொழி தாண்டுமுன்னே கட்டுச்சோத்த அவுத்துருவாங்க. ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது பூக்கண்காட்சி முடிஞ்சு சட்டியெல்லாம் எடுத்து அடுக்கிட்டிருப்பாங்க" என்றார்.

இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

ஆமாம் அண்ணாச்சி, நாகர்கோவிலை விட்டுக் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே, ஆரல்வாய்மொழிக்கு முன்னேயே நிற்கிறோம். ஏன் நிற்கிறோம் என்று கேளுங்கள். காரின் மேல் கேரியரில் பெட்டிகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டு, புது நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்போம். நைலான் இழுபடும். பெட்டிகளும் குலுங்கி ஒன்றோடொன்று படியும். வீட்டு வாசலில் விரல் நுழையாமல் இருந்த கயிறு, முதல் சில கிலோமீட்டரிலேயே கை நுழையும் அளவுக்குத் தளர்ந்துவிடும். அதற்கு அப்புறம் வருவது என்ன? ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் இத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வருகிற காற்று அந்த மலை இடுக்கில் நெருக்கப்பட்டு வேகமெடுத்து வீசும். தளர்ந்த தார்ப்பாயின் முன் ஓரத்தில் அது புகுந்தால் பாய் பாய்மரமாகிவிடும். கயிறு அறுந்து ஒரு பெட்டி பறந்தால், பின்னால் பைக்கில் வருகிறவர் கதி என்ன?

அதனால்தான் கணவாய்க்கு முன்னாலேயே, தோவாளைப் பக்கம் ஓரமாக நிறுத்துகிறோம். கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுகிறோம். தார்ப்பாயின் முன் ஓரத்தைப் பெட்டிக்கு அடியில் மடக்கிச் செருகுகிறோம். நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். மூன்று சக்கரம் ஒரே சூட்டில் இருந்து ஒன்று மட்டும் தகித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். நாகர்கோவிலுக்குத் திரும்பினால் நமக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். 300 கிலோமீட்டர் தாண்டித் தெரிந்தால் யார் இருக்கிறார்?

இந்த வேலையெல்லாம் 10 நிமிடம். அந்த 10 நிமிடத்தில் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மட்டிப்பழம் தின்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் மட்டிப்பழம்! அதைத்தான் அண்ணாச்சி கட்டுச்சோறு என்று நினைத்துவிட்டார்.

கட்டுச்சோறு இன்னும் அவிழ்க்கவே இல்லை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. புளிச்சோற்றைச் சூட்டோடு கட்டக் கூடாது. ஆவி வியர்த்து, அந்த நீரே சோற்றைக் கெடுத்துவிடும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்ட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். தேங்காயைப் பச்சையாக அரைத்த சட்னி கூடவே கூடாது. பொன்னிறமாக வறுத்து, தண்ணீர் சேர்க்காமல் அரைத்த துவையல் என்றால் மத்தியானம் வரை தாங்கும். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் சாத்தூர் பக்கத்தில் காலைச் சாப்பாட்டுக்கு அதை அவிழ்க்கலாம். ஆரல்வாய்மொழியில் இல்லை!

சரி, நிற்காமல் போனவர்கள் கதைக்கு வருகிறேன். தக்கலைப் பக்கம் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். கேட்கக் கேட்க உங்களில் பல பேருக்கு நம்ம வீட்டுக் கதைதானோ என்று தோன்றும். போன இடமும் அண்ணாச்சி சொன்ன அதே ஊட்டிதான். ஏழு பேர், ஒரு வண்டி, ஏறக்குறைய 550 கிலோமீட்டர். "ராத்திரி 9 மணிக்கு எடுத்தா காலைல 6 மணிக்கு ஊட்டி. எங்கயும் நிக்கக் கூடாது" என்று வீட்டுக்காரர் உத்தரவு. வண்டி ஓட்டியவரும் அவரேதான். காலையிலிருந்து கடையில் நின்று, 8 மணிக்குக் கடை பூட்டி, குளித்து, பரோட்டா சாப்பிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் அவருடைய சீட்டிலிருந்து பார்ப்போம்.

டயர் காற்று பார்க்கவில்லை. ஏழு பேரும் சாமானும் ஏறினால் காற்று எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஒட்டியே இருக்கும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு நிரப்ப வேண்டும். ஓடியபின் 3, 4 கூடுதலாகக் காட்டினால் இறக்கிவிடக் கூடாது, அது சூட்டின் கணக்கு. காற்றுக் கூடினால்தான் டயர் வெடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். காற்றுக் குறைந்த டயரில் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கில் பிறக்கிற சூடுதான் டயரைப் பிளக்கிறது. அவர்களுக்கு நல்ல காலம், டயர் தாங்கியது.

மதுரை தாண்டும்போது மணி 1.30. திண்டுக்கல் போகப் போகக் கொட்டாவி. கண்ணாடியை இறக்கினார், பாட்டைச் சத்தமாக வைத்தார். இரண்டும் தூக்கத்தை விரட்டாது, கொஞ்ச நேரம் மறைக்கும். ஒட்டன்சத்திரம் கடந்து 3.30 மணி. உடம்பு தூக்கத்துக்கென்றே வைத்திருக்கிற நேரம் அது. வண்டி 80 கிலோமீட்டர் வேகம். நொடிக்கு 22 மீட்டர். கண் மூடியது நாலே நொடி. மக்களே, நாலு நொடி என்றால் 88 மீட்டர்! ஏழு உயிரோடு 88 மீட்டர் அந்த வண்டி ஓட்டுநர் இல்லாமல் போயிருக்கிறது. இடது டயர் தாரை விட்டு இறங்கி ஜல்லியில் சரசரவென்று சத்தம் போட்டதே, அதுதான் எழுப்பியது. அந்த இடத்தில் ஜல்லிக்குப் பதிலாக நிறுத்திய லாரி இருந்திருந்தால்?

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? சம்பளத்துக்கு ஓட்டுகிற ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் இடையில் அரை மணி ஓய்வு. தொழிலே ஓட்டுவதாக இருப்பவருக்கே அப்படி. பகலெல்லாம் கடையில் நின்ற அப்பாவுக்கு யார் ஓய்வு கொடுப்பது? கண் சொக்கினால் வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுக்க வேண்டும். காபி வேலை செய்ய அரை மணி ஆகும். எழும்போது தூக்கமும் கிடைத்திருக்கும், காபியும் ஏறியிருக்கும். ஆனால் அவர் நிற்கவில்லை. "இன்னும் 200 கிலோமீட்டர்தானே."

இப்போது அதே வண்டியின் கடைசி சீட்டுக்கு வாருங்கள். பிள்ளைகள் இருவர். கையில் செல்போன், வயிற்றில் பரோட்டா. பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டுக்குத்தான் ஆட்டம் அதிகம். குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். செல்போனைப் பார்க்கிற கண் "அசையவில்லை" என்கிறது, காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு "சுழல்கிறோம்" என்கிறது. மூளை குழம்பினால் வயிறு புரட்டும். மூன்றாவது வளைவிலேயே சின்னவன் வாந்தி எடுத்தான். அவனைப் பார்த்துப் பெரியவள். அவனை நடு சீட்டுக்கு மாற்றி, தூரத்து மலையைப் பார்க்க வைத்திருந்தால் பாதி குறைந்திருக்கும்.

அதற்குள் என்ஜின். ஏழு பேர் பாரம், ஏசி ஓடுகிறது, முன்னால் வண்டி வரிசை, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்வலம். ரேடியேட்டரில் காற்று ஏறவில்லை, சூட்டு முள் சிவப்புக்கு வந்துவிட்டது. பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். பின்னால் வந்த ஒரு லாரி ஓட்டுநர் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டார். உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர், அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கிறது. மூடி திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். செய்ய வேண்டியது, ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டி, என்ஜினை அணைத்துவிட்டுக் குறைந்தது அரை மணி காத்திருப்பது.

கணக்குப் போடுவோம் நடுவர் அவர்களே. வாந்திக்கு மூன்று முறை நின்றார்கள், அதுவும் ஒதுங்க இடமில்லாத வளைவில். என்ஜினுக்கு ஒரு முறை. அதற்கு முன்பே மலை அடிவாரத்தில் இ-பாஸுக்கு ஒரு முறை. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும், வீட்டிலேயே பதிவு செய்திருக்கலாம். ஆக, நிற்காமல் போன வண்டி ஐந்து முறை நின்றது! 6 மணிக்குப் போக வேண்டியவர்கள் பத்தரைக்குப் போனார்கள். போயும் என்ன? விடுதியில் 12 மணிக்குத்தான் அறை தருவோம் என்றார்கள். 6 மணிக்கே போயிருந்தால் ஆறு மணி நேரம் வண்டியிலேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று பகல் முழுதும் அறையில் தூக்கம்.

எங்கள் வழியில் போயிருந்தால்? விடியலில் கிளம்பி, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 15 நிமிடம் நின்று, இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கி, காலையில் தூங்கி எழுந்த ஓட்டுநரோடும் குளிர்ந்த என்ஜினோடும் மலை ஏறியிருப்பார்கள். பயணத்தின் நடுவே ஐந்து முறை நின்றாலும் ஒன்றே கால் மணி நேரம்தான் செலவு.

மணி அடிக்கப் போகிறார்கள், தெரிகிறது. அந்த வண்டியில் இன்னொரு சீட் பாக்கி இருக்கிறது. நடு சீட்டில் ஜன்னலோரம் அவருடைய அம்மா.

அன்று மத்தியானத்திலிருந்தே பாட்டி தண்ணீர் குடிக்கவில்லை. பிரஷருக்கு நீர் பிரிய டாக்டர் எழுதிய மாத்திரையையும் போடவில்லை. போட்டால் ஒதுங்க வேண்டிவரும். மகன் எங்கேயும் நிற்க மாட்டேன் என்றிருக்கிறான். அவனைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று, நாக்கு ஒட்டிக்கொள்ள, கால் வீங்க, பதிமூன்றரை மணி நேரம். இந்த அரங்கில் இருக்கிற தாய்மாரே, உங்களில் எத்தனை பேர் பயணம் என்றதும் முதல் வேலையாகத் தண்ணீரை நிறுத்துகிறீர்கள்! உங்கள் பிள்ளைக்கு அது தெரியுமா?

இருட்டில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள் பாட்டி.

"திருநெல்வேலி வந்துட்டா மக்களே?"

"தாண்டியாச்சும்மா."

"கோவில்பட்டி?"

"தாண்டியாச்சு."

"மதுரை வந்தா சொல்லு. கோபுரத்த ஒரு தடவ பாக்கணும்."

"அது அப்பவே தாண்டியாச்சும்மா. தூங்கு."

ஊட்டியில் இறங்கும்போது கால் ஊன்ற முடியவில்லை. மகன் தூக்கித்தான் இறக்கினார். "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார். "நீ வேகமா போயிட்டிருந்த மக்களே" என்றாள்.

திரும்பி வரும்போது பகலில் வந்தார்கள். மதுரையில் புறவழிச் சாலையை விட்டு ஊருக்குள் திருப்பினார் மகன். தெற்குக் கோபுரம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். பாட்டி இறங்கி, சேலையைச் சரி செய்து, நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மகனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"கொஞ்சம் தண்ணி தாயேன் மக்களே."

நன்றி, வணக்கம்.