ஏமாளிகளின் கட்சி

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். ஆளுக்கொரு பாராட்டு சொல்லித் தொடங்குவதுதான் மேடை மரபு. மணி நடுவர் கையில் இருப்பதால் அந்த மரபை இன்று சுருக்கிக்கொள்கிறேன்.

“தோற்றுக்கொண்டே இருக்கும் பேஸ்பால் அணியைப் பருவம் முழுவதும் பின்தொடர்வது பற்றா, பைத்தியக்காரத்தனமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பற்றுதான் என்பது எங்கள் கட்சி. அதற்கான காரணங்களை வரிசையாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு சொல்லை வீசிவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார்: “தோற்கிற அணிக்குச் சீட்டு வாங்குகிறவன் ரசிகன் அல்லன், முதலாளிக்குப் படியளக்கும் ஏமாளி.” நீங்களும் கைதட்டினீர்கள். நியூயார்க் நகரில், இந்த ஊர் பேஸ்பால் அணியான மெட்ஸின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே அதற்குக் கைதட்டியவர்களையும் நான் பார்த்தேன். ஆகவே என் காரணங்கள் பையிலேயே இருக்கட்டும். தம்பி சொன்ன அந்த ஏமாளியை முதலில் விசாரிப்போம்.

விசாரணையை 1962-இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டுதான் மெட்ஸ் அணி பிறந்தது. பிறந்த குழந்தை அழுவதுபோல முதல் ஒன்பது ஆட்டங்களிலும் தோற்றது. பருவம் முடிந்தபோது வென்றவை 40, தோற்றவை 120. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் கொண்ட விளையாட்டு இது. மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. தோற்றுவிட்டு ஒரு வாரம் துக்கம் காக்கவெல்லாம் இதில் அவகாசம் கிடையாது. மறுநாள் மாலையே மீண்டும் தோற்க வேண்டியிருக்கும்.

அந்த அணியின் பெருமைக்கு ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். 1962 ஜூன் 17. இடம் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். எதிரில் சிகாகோ கப்ஸ். அடித்தவர் வரிசையாக மிதித்து ஓடவேண்டிய இடங்களுக்குப் பேஸ் என்று பெயர். மெட்ஸின் முதல் பேஸில் காவல் நின்றவர் மார்வ் த்ரோன்பெரி. முதல் இன்னிங்ஸிலேயே, ஓடி வந்த எதிரணிக்காரரின் பாதையில் நந்தியாக நின்று, அவுட் ஆகவேண்டியவருக்கு உயிர்ப்பிச்சை அளித்துவிட்டார். பந்து கையில் இல்லாதவர் வழியை மறிக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பு அவர் மட்டை பிடித்தபோது வந்தது. அடித்தார். பந்து வெகுதூரம் போய் விழுந்தது. கனத்த உடம்போடு முதல் பேஸ், இரண்டாவது பேஸ் என்று புழுதி பறக்க ஓடி, மூன்றாவது பேஸில் போய் நின்று மூச்சு வாங்கினார். மக்கள் எழுந்து ஆர்ப்பரித்தார்கள். அந்த ஆர்ப்பரிப்புக்கு நடுவே கப்ஸ் அணியினர் சத்தமில்லாமல் பந்தை முதல் பேஸுக்கு வாங்கி அம்பயரைப் பார்த்தார்கள். அம்பயர் கையை உயர்த்தி, ‘அவுட்’ என்றார். ஓடிய ஓட்டத்தில் முதல் பேஸை மிதிக்க மறந்திருக்கிறார் மனிதர்!

மேலாளர் கேஸி ஸ்டெங்கலுக்கு அப்போது 71 வயது. இதே ஊரின் இன்னோர் அணியான யாங்கீஸுக்கு, பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரை ஏழு முறை வென்று தந்த பெரிய மனிதர், வயதான காலத்தில் இப்படி வந்து மாட்டிக்கொண்டார். அணியினர் அமரும் டக்அவுட்டிலிருந்து கொதித்தெழுந்து அம்பயரை நோக்கி நடந்தார். பாதி வழியில் அவரைத் தடுத்து, “ஐயா, சண்டை போடாதீர்கள். அவர் இரண்டாவது பேஸையும் மிதிக்கவில்லை” என்றார்களாம். தடுத்தவர் அம்பயர் என்று சிலர் சொல்வார்கள். மெட்ஸின் சொந்தப் பயிற்சியாளர்தான் என்று வேறு சிலர் சொல்வார்கள். எனக்குச் சொந்தப் பயிற்சியாளர்தான் பிடித்திருக்கிறது; வீட்டு ஆளே காட்டிக்கொடுத்தால்தான் கதைக்கு மணம் கூடும். கிழவர் ஒரு கணம் நின்று யோசித்து, “மூன்றாவதையாவது மிதித்திருக்கிறான், அதோ, அதன் மேல்தான் நிற்கிறான்” என்றாராம்.

கதை இன்னும் முடியவில்லை, நடுவர் அவர்களே. அடுத்து வந்த சார்லி நீல் ஹோம் ரன் அடித்தார். அது பந்து வேலி தாண்டிய அடி. அவர் ஆடி அசைந்து வலம் வந்தால் போதும். ஆனால் ஸ்டெங்கல் வெளியே ஓடி வந்து, ஒவ்வொரு பேஸாக விரலால் சுட்டிக்காட்டி, “இதை மிதி, அதை மிதி” என்று அவரை நடத்திவைத்தார் என்பார்கள். அத்தனைக்குப் பிறகும் அந்த ஆட்டத்தில் மெட்ஸ் 8-7 என்று ஒரே ஓட்டத்தில் தோற்றது.

இப்படியொரு அணியைப் பார்க்க அந்த ஆண்டு 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வந்தவர்கள் த்ரோன்பெரியின் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். வீட்டுப் படுக்கை விரிப்பில் வாசகங்களை எழுதிக்கொண்டு வந்து பிடித்தார்கள். 1964-இல் மெட்ஸ் 109 ஆட்டங்களில் தோற்றது. அந்த ஆண்டு மைதானத்துக்கு வந்தவர்கள் 17 லட்சம் பேர். அதே ஊரில், அதே ஆண்டு, தங்கள் லீகில் முதலிடம் பிடித்து உலகத் தொடர்வரை போன யாங்கீஸுக்கு வந்தவர்கள் 13 லட்சம் பேர். தம்பியின் கணக்குப்படி அந்த ஆண்டு நியூயார்க்கில் ஏமாளிகள் 17 லட்சம், புத்திசாலிகள் 13 லட்சம். புதிய மைதானம் திறந்த மோகத்தில் வந்த கூட்டம் அது என்று அவர் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

இனி அண்மைக் காலத்துக்கு வருகிறேன். மெட்ஸின் 120 தோல்விச் சாதனையை 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் முறியடித்தது. வென்றவை 41, தோற்றவை 121. ஜூலையிலிருந்து ஆகஸ்ட்வரை அவர்கள் தொடர்ந்து தோற்ற ஆட்டங்கள் மட்டுமே 21. அதற்கு அடுத்த ஆண்டு மே மாதம் பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; சிகாகோவில் பிறந்த அவர் ஒயிட் சாக்ஸ் ரசிகர் என்பதை அவருடைய அண்ணனே உலகுக்கு அறிவித்தார். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த காட்சியையும் தொலைக்காட்சிப் பதிவில் தேடி எடுத்துவிட்டார்கள். தம்பி, உங்கள் ஏமாளிப் பட்டியலில் வத்திக்கானின் முகவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சிரித்தது போதும். ‘முதலாளிக்குப் படியளக்கிறவன்’ என்றாரே, அங்கேதான் தம்பி தவறான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். முதலாளியைக் கண்டிப்பதற்காகவே பணம் கொடுத்து மைதானத்துக்குள் போனவர்கள் உண்டு. ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணியின் முதலாளி அணியையே ஊரைவிட்டுப் பெயர்த்துக்கொண்டு போக முடிவு செய்திருந்தார். 2023 ஜூன் மாதம் அந்த அணி 50 ஆட்டங்களில் தோற்றுத் தரைமட்டத்தில் கிடந்தது. இருக்கைகள் பெரும்பாலும் காலி. ஜூன் 13, செவ்வாய்க்கிழமை மாலை 27,759 பேர் ஒன்றுதிரண்டு வந்தார்கள். பச்சை நிறச் சட்டை. அதன் மேல் ‘விற்றுவிடு’ என்ற ஒற்றைச் சொல். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது மைதானம் முழுவதும் வாய்மூடி இருந்தது; முதல் ஆட்டக்காரரின் முறை முடிந்ததும் ஒரே குரலாக, “அணியை விற்றுவிடு” என்று முழங்கியது. அந்த மாலை அணி 2-1 என்று வென்றதுகூட எனக்கு இரண்டாம்பட்சம். ஆட்டத்தைப் புறக்கணித்து வீட்டிலிருந்திருந்தால், “பார்த்தீர்களா, இந்த ஊரில் யாருக்கும் அக்கறையில்லை” என்று முதலாளி கணக்குக் காட்டியிருப்பார். வந்தவர்கள் அவருடைய கணக்கைப் பொய்யாக்கினார்கள்.

ஆனாலும் அணி போய்விட்டது. 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டம். பட்டியலில் அணி மேலே வர வழியே இல்லாத நிலையில் 46,889 பேர் வந்தார்கள். சட்டை வாசகம் என்ன சாதித்தது என்று தம்பி கேட்பார். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆட்டம் முடிந்த பிறகும் மக்கள் எழுந்து போகவில்லை. மேலாளர் மார்க் காட்சே ஒலிவாங்கியைப் பிடித்து நன்றி சொல்லி, ஓக்லண்டின் பெயரைக் கடைசியாக ஒருமுறை அவர்களோடு சேர்ந்து முழங்கினார்.

அணியைப் பறிகொடுத்த ஊருக்கு என்ன ஆகும் என்பதை நியூயார்க்கைத்தான் கேட்க வேண்டும். இந்த நகரின் புரூக்ளின் பகுதி அணியான டாட்ஜர்ஸ் தம் எபட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டம் 1957 செப்டம்பர் 24. வந்திருந்தவர்கள் 6,702 பேர். அந்த ஆண்டோடு டாட்ஜர்ஸும், நகரின் இன்னோர் அணியான ஜயன்ட்ஸும் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டன. மெட்ஸ் சீருடையில் இருக்கும் நீலம் டாட்ஜர்ஸ் விட்டுச்சென்றது, ஆரஞ்சு ஜயன்ட்ஸ் விட்டுச்சென்றது.

சில ஆண்டுகளுக்கு முன் மெட்ஸ் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு செப்டம்பர் மாலையில், என் பக்கத்து இருக்கையில் புரூக்ளினில் பிறந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மடியில் ஸ்கோர் அட்டை, கையில் குட்டைப் பென்சில். அணி ஒன்பது ஓட்டங்கள் பின்தங்கியிருந்தது. எங்கள் வரிசையில் நாங்கள் இருவர்தான் மீதி. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து ஒருவரை அவுட்டாக்கினால், அவரவர் நிற்கும் இடத்துக்குரிய எண்களால் அட்டையில் 6-3 என்று குறிக்க வேண்டும். அவர் அதை நிதானமாக, கோடு தாண்டாமல் குறித்தார். “இன்னும் எதற்கு ஐயா எழுதுகிறீர்கள்?” என்று கேட்டேன். டாட்ஜர்ஸ் போனபோது அவருக்குப் பத்து வயதாம். “அதற்குப் பிறகு நான்கு கோடைகள், இந்த அட்டையில் எழுதுவதற்கு எங்களுக்கென்று ஓர் அணி இல்லை. 1962-இல் வந்தவர்கள் தோற்றார்கள்தான், ஆனால் தினமும் வந்து தோற்றார்கள்” என்றார். சொல்லிவிட்டு அடுத்த பந்தைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார்.

1962-இல் கடைசி இடத்தில் கிடந்த மெட்ஸ் 1969-இல் உலகத் தொடரை வென்றது என்று எனக்குப் பின்னால் வரும் என் அணித் தோழர் சொல்வார். அவர் சொல்லட்டும், நான் அதை என் வாதத்தில் சேர்க்கவில்லை. அந்த முதியவரை ஏமாளி என்று எழுதித் தீர்ப்பு வழங்க நடுவருக்குக் கை வருமானால் வழங்கட்டும். மணியும் அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.