சோழியன் குடுமியும் டல்லாஸ் மேடையும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மழையிலும் எடிசனிலிருந்து வந்து முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்த ஆலோசகர் ஐயா அவர்களே, அரங்கைத் தந்து உதவிய நூலக நிர்வாகத்தாரே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, காபிக்கும் வடைக்கும் பொறுப்பேற்ற இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி என்ற முதற்கட்டத் தேர்தலில், எதிரெதிராக நிற்பவர்கள் திரைமறைவில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? பேரம், வாக்குச்சீட்டு என்று இரண்டு தலைப்பில் பேசப்போகிறேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது!

2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை. ஜனநாயகக் கட்சியின் பிரைமரி. தென் கரோலினாவில் பைடனுக்குப் பெருவெற்றி. அதற்கு முன் நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா என்று ஜெயித்து வந்தவர் சாண்டர்ஸ். ஞாயிறு காலை இன்னொரு போட்டியாளர் பீட் புட்டிஜெஜ் ஜார்ஜியாவில் முன்னாள் அதிபர் கார்ட்டரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அப்புறம் அலபாமா, செல்மா நகரில் நினைவு ஊர்வலம். அடுத்து டல்லாஸில் பிரசாரக் கூட்டம். விமானம் டல்லாஸுக்குப் போகவில்லை! அவருடைய சொந்த ஊரான சவுத் பெண்டுக்குத் திரும்பியது. இரவு அங்கே மேடையேறிப் போட்டியிலிருந்து விலகினார். திங்களன்று மற்றொரு போட்டியாளர் எமி குளோபுச்சரும் விலகினார். அன்று இரவே இருவரும் அதே டல்லாஸில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். பீட்டைப் பார்த்தால் மறைந்த தன் மகன் போ நினைவுக்கு வருவதாக பைடன் சொன்னார். முந்தைய வாரம் வரை விவாத மேடையில் மோதிக்கொண்டவர்கள்! செவ்வாயன்று பிரைமரி நடந்த 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. எமியின் மினசோட்டாவும் அதில் ஒன்று.

விலகிய இரவில் ஒபாமா பீட்டோடு தொலைபேசியில் பேசியதாகப் பத்திரிகைகள் எழுதின. பிறகு பீட் போக்குவரத்து அமைச்சரும் ஆனார். பேரம் நடந்தது என்று யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் சோழியன் குடுமி சும்மா ஆடாது.

என் கோபம் பேரத்தின் மேல் இல்லை. அதே செவ்வாய் பிரைமரிக்காக கலிபோர்னியாவில் தபாலில் முன்கூட்டியே வாக்களித்தவர்களைப் பாருங்கள். விலகிப்போன பீட்டுக்கு அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிரதிநிதிகள்; மாநில அளவிலான பிரதிநிதிகளைப் பெற 15 சதவீதம் வேண்டும். அதை அவர் எட்டவில்லை. அந்த வாக்காளர்களிடம், 'உங்கள் இரண்டாவது விருப்பம் யார்?' என்று சீட்டு கேட்கவே இல்லை.

இதற்குத்தான் விருப்ப வரிசை வாக்கு வேண்டும் என்கிறேன். அதாவது, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது; முதல் விருப்பம் போட்டியில் இல்லாமல் போனால் வாக்கு அடுத்தவருக்குப் போகும். இது நமக்குப் புதிதா? 1969இல் வி.வி. கிரி குடியரசுத் தலைவரானது இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகுதானே! ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க் நகரத்தைப் பாருங்கள். 2025 மேயர் பிரைமரியில் எதிரெதிராகப் போட்டியிட்ட மம்தானியும் பிராட் லேண்டரும் ஒருவருக்கொருவர் வெளிப்படையாக ஆதரவு அறிவித்தார்கள். 'எனக்கு முதல் இடம், அவருக்கு இரண்டாம் இடம்' என்று மக்களிடமே கேட்டார்கள். குடுமி ஆடட்டும், நம் கண்ணெதிரே ஆடட்டும்!

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சரி. இதை நியூ ஜெர்சியிலும் கொண்டுவரக் கோரி நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. காபி குடிக்கப் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.