ஒரு ‘ள’ போட ரெண்டு நாள் பேர் போச்சு: டெப்புக்கு வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும்

[காட்சி: அடுப்படி மேசை. பிஸ்கட் டின்ல சாய்ச்சு வச்ச டெப் (டேப்லெட்). முன்னால ஒரு சின்னக் கீபோர்ட். ஜன்னலுக்கு வெளிய மிஸ்ட், பனிமூட்டம்.]

ஒரே ஒரு எழுத்து. ‘ள’ வரவேண்டிய இடத்துல ‘ல’ வந்துருச்சு. அதனால எங்கம்மாவுக்கு ரெண்டு நாள் பேர் போச்சு.

வணக்கம் உறவுகளே. இலங்கையில தேயிலைத் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு நான் சொல்றது உடனே புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காகச் சொல்றேன், எங்க பக்கம் ‘பேர்’னா ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். சம்பளத்துல பிடிச்சுச் சேர்க்கிற சேமலாப நிதிப் பதிவுல அம்மாவோட பேர் பிழையா இருக்கு, திருத்தக் கடிதம் வேணும். வேலையை விட்டுட்டு டவுனுக்குப் போய், ஒரு கொமினிகேஷன் கடையில டைப் அடிச்சு வாங்கிட்டு வந்தாங்க. வீட்டுல வாசிச்சுப் பார்த்தா, பேரைத் திருத்தச் சொல்ற கடிதத்துலயே பேர் பிழை. மறுபடி பஸ், மறுபடி ஒரு நாள். பேருக்காகப் பேரை விட்டாங்க.

அந்த நேரம் வீட்டுல ஒரு டெப் சும்மா கிடந்துச்சு. 2020ல ஸ்கூல் மூடினப்போ தங்கச்சி படிக்கிறதுக்குக் கடன் வாங்கி எடுத்தது. உங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கும். கார்ட்டூன் பார்க்க, வாட்ஸ்அப் பார்க்க, அவ்வளவுதான். அதை ஒரு கடிதம் எழுதுற மெஷினா மாத்த லேப்டாப் காசு தேவையில்லை. ஒரு கீபோர்ட், ஒரு மவுஸ் போதும்.

முதல்ல கடையில ஏமாறாம இருக்கணும். ‘வயர்லெஸ்’னு பெட்டியில போட்டிருந்தா அது புளூடூத்துனு நினைச்சிடாதீங்க. வயர்லெஸ்ல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணுல நகத்தளவுக்கு ஒரு யூஎஸ்பி ரிசீவர் வரும். அந்த ரிசீவரைக் குத்தினாத்தான் வேலை செய்யும், டெப்ல அந்த ஓட்டை இருக்காது. ஓடிஜினு ஒரு சின்ன இணைப்பு வாங்கி, சார்ஜர் போடுற இடத்துல மாட்டணும். மாட்டினா வேலை செய்யும், ஆனா அந்த நேரம் சார்ஜ் போட முடியாது. ரெண்டாவது சாதிதான் புளூடூத். அதுக்கு ரிசீவரும் வேணாம், ஓட்டையும் வேணாம். பெட்டியில அந்த முள்ளு முள்ளான ‘பி’ அடையாளம் இருக்கானு பார்த்துட்டு வாங்குங்க. அந்த அடையாளம் பத்தாம் நூற்றாண்டுல வாழ்ந்த ஹரால்ட் புளூடூத்ங்கிற டென்மார்க் ராஜாவோட பேர் எழுத்து. பழைய வட ஐரோப்பிய எழுத்து ரெண்டைச் சேர்த்து வரைஞ்சிருக்காங்க.

இணைக்கிறது லேசு. டெப்ல செட்டிங்ஸ் போய் புளூடூத்தைத் திறங்க. கீபோர்ட்ல இணைக்கிற பட்டனை, லைட் மினுக்குற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. லிஸ்ட்ல பேர் வரும், தொடுங்க. சிலதுல ஆறு இலக்க நம்பர் ஒண்ணு திரையில வரும். நிறையப் பேர் இங்கதான் நின்னுடுறாங்க. அந்த நம்பரைத் திரையில தட்டக்கூடாது, புதுக் கீபோர்ட்ல தட்டி, என்டரும் அடிக்கணும்.

லயத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். வரிசையா வீடுகள், நடுவுல ஒத்தச் சுவர். புளூடூத் சாதாரணமா பத்து மீட்டர் வரைக்கும் போகும், அதனால பக்கத்து வீட்டு ஸ்பீக்கர், அடுத்த வீட்டு டீவி எல்லாம் உங்க லிஸ்ட்ல வந்து நிக்கும். நான் முதல் நாள் இணைச்சது எதிர்க் காம்பரா, அதாவது எதிர் வீட்டுத் தம்பியோட ஸ்பீக்கரை. பாட்டு நின்னுடுச்சுனு அவன் ஓடி வந்தப்போதான் எனக்குத் தெரியும். கீபோர்ட் பெட்டியில இருக்கிற பேரைப் பார்த்து வச்சுக்கிட்டு இணைங்க.

கமென்ட்ல நிறைய வந்த கேள்வி: “மிஸ்ட் இறங்கினா புளூடூத் வேலை செய்யுமா?” செய்யும். அரை மீட்டர் தூரத்துக்கு மிஸ்ட் ஒண்ணுமே இல்லை. சிக்னலைத் தடுக்கிறது நம்ம உடம்புதான், உடம்புல பாதிக்கு மேல தண்ணி. டெப்பை முதுகுக்குப் பின்னால வச்சுட்டு மடியில கீபோர்ட் தட்டினா எழுத்து விட்டு விட்டு விழலாம். மிஸ்ட்டை விடக் குளிர்தான் தொந்தரவு. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு, ஜனவரியில புல்லுல வெள்ளையா உறைபனி விழுற இடம். அந்தக் குளிர்ல சாதா பெட்டரி சீக்கிரம் சோர்ந்து போகும். ராத்திரி ஜன்னல் ஓரத்துல விட்ட கீபோர்ட் காலையில முழிக்கலைன்னா பெட்டரியைக் கழட்டி உள்ளங்கையில கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க. அதே மாதிரி, குளிர்ந்து கிடக்கிற டெப்பை நேரா ஆவி பறக்கிற அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க, மேல தண்ணி கோர்த்துக்கும்.

மவுஸ் பத்திச் சுருக்கமாச் சொல்லிடுறேன். ஆண்ட்ராய்ட் டெப்ல அம்பு வரும், ஐபேட்ல சின்ன வட்டம் வரும். ஐபேட்ல ஒழுங்கான மவுஸ் வசதி 2020 மார்ச்லதான், ஐபேட் ஓஎஸ் 13.4ல வந்துச்சு. ரொம்பப் பழைய ஐபேட் வச்சிருக்கிறவங்க அதைப் பார்த்துட்டு மவுஸ் வாங்குங்க. மார்க்ஸ் ஷீட் போடுற டீச்சர்மாருக்கு மவுஸ் பெரிய உதவி, அந்தச் சின்னக் கட்டத்தை விரலால தொட்டா எப்பவும் பக்கத்துக் கட்டம்தான் மாட்டும். கண்ணாடி மேசையில மவுஸ் தடுமாறும், ஏன்னா அது கீழ இருக்கிற பரப்பைப் படம் எடுத்து எடுத்துத்தான் நகர்வைக் கண்டுபிடிக்குது. வீரகேசரிப் பேப்பரை நாலா மடிச்சுக் கீழ வைங்க, அச்செழுத்து நிறைஞ்ச பக்கம் அதுக்கு நல்லாத் தெரியும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துட்டேன். தமிழ்.

[காட்சி: கீபோர்ட் கிட்டத்துல. விசைகள் மேல கையால எழுதி ஒட்டின தமிழ் எழுத்துகள்.]

கீபோர்ட் இணைச்ச உடனே ஆங்கிலம் சரசரனு விழுது. தமிழுக்கு மாத்தினா ஒண்ணும் நடக்கலை. நான் முதல்ல போட்ட தமிழ் ஆப் திரையில தட்டினா எழுதுச்சு, வெளிக் கீபோர்டைக் கண்டுக்கவே இல்லை. ரெண்டு நாள் கீபோர்ட் பழுதுனே நினைச்சேன். திரையில தட்டுறதுக்கு மட்டும் செஞ்ச ஆப் வெளிக் கீபோர்டுக்கு வேலை செய்யாது. ஆண்ட்ராய்ட்காரங்க, வெளிக் கீபோர்ட்லயும் தமிழ் தரும்னு ஆப் விளக்கத்துல இருக்கானு பார்த்துப் போடுங்க. ஐபேட்ல தமிழ் 99, அஞ்சல்னு தமிழ் தட்டுற ரெண்டு முறையும் உள்ளேயே இருக்கு, கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அமுக்கினா மொழி மாறும்.

அஞ்சல் முறையில ஆங்கில எழுத்தால தமிழ் தட்டுறோம். பழக லேசு. ஆனா அதுல சின்ன ‘எல்’ அடிச்சா ல, பெரிய ‘எல்’ அடிச்சா ள. ஷிப்ட்டை அமுக்க மறந்தா அம்மா பேர் மாறிடும். கொமினிகேஷன்ல என்ன நடந்துச்சுனு எனக்குத் தெரியாது, ஆனா இந்த மாதிரி ஒரு விரல் தவறுறது எவ்வளவு லேசுனு எனக்கு இப்பத் தெரியும்.

தமிழ் 99ல அந்தப் பிரச்சினை இல்லை. 1999 பெப்ரவரியில சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான முறை இது. உயிர் பன்னிரண்டும் இடது கைப்பக்கம். மெய் பதினெட்டுல பெரும்பாலும் வலது கைப்பக்கம். ல, ள, ழ மூணுக்கும் தனித் தனி விசை. ர, ற அப்படித்தான். ந, ன, ண அப்படித்தான். ஷிப்ட்டே வேணாம்.

இன்னும் ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. ‘கொழுந்து’னு தட்டிக் காட்டுறேன், கையைப் பாருங்க. க, வலது கை. ஒ, இடது கை. கொ வந்துருச்சு. ழ, வலது. உ, இடது. ழு. அடுத்து ந, த, ரெண்டும் வலது. புள்ளி நான் வைக்கவே இல்லை, நவுக்குப் பின்னால த வந்ததும் புள்ளி தானா விழுந்துச்சு. கடைசியா உ, இடது. ஏழே தட்டு.

வலது, இடது, வலது, இடது. இதை நான் எங்கயோ பார்த்திருக்கேன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் மலையில அம்மாவைப் பார்த்தப்போ பிடிபட்டுச்சு. கொழுந்து எடுக்கிறவங்க ஒரு கையை மட்டும் ஓட்ட மாட்டாங்க. ஒரு கை கிள்ளும்போது மறு கை அடுத்த கிளைக்குப் போயிருக்கும். கண் கிளையில இருக்காது, கைக்கே தெரியும். தமிழ் 99 பழகினவங்க கீபோர்டைப் பார்க்காம தட்டுறதும் அதே பழக்கம்தான். அம்மாகிட்ட இதைச் சொன்னேன். “அப்ப எனக்கும் வரும்ல?”னு கேட்டாங்க. வரும்.

டைப்ரைட்டர்ல தமிழை ஏத்தினவரைப் பத்தியும் சொல்லணும். யாழ்ப்பாணத்துல 1886ல பிறந்த ஆர். முத்தையா, மலாயாவுக்குப் போய் சிங்கப்பூர்ல வேலை பார்த்தவர். 247 எழுத்தையும் ஒரு சின்ன மெஷின்ல எப்படி அடக்குறது? எழுத்தையும் குறியையும் பிரிச்சார். சில குறிகளுக்கு நகரா விசை வச்சார். அதை அடிச்சா குறி விழும், தாள் நகராது, அடுத்த எழுத்து அதே இடத்துல வந்து சேரும். நம்ம தீவுல பிறந்த ஒருத்தர் யோசிச்சது. இப்ப டெப்ல கவையும் ஒவையும் தட்டி கொ வர்றப்போ எனக்கு அவர் ஞாபகம்தான் வருது.

பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவுல தட்டிப் பழகினவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வேகம் பெரிய சொத்து, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா பாமினி எழுத்துரு இல்லாத போன்ல அந்தக் கடிதத்தைத் திறந்தா தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா சிதறிக் கிடக்கும். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துல தட்டினதை எந்தப் போன்லயும் வாசிக்கலாம், பிரின்ட் கடையில கொடுத்தாலும் மாறாது.

பெட்டரி பத்தி ஒரே வரி: 2022ல பதின்மூணு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளை மறக்கலையே, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் போடுற சின்னப் பெட்டரி மாசக் கணக்குல தாங்கும், டெப்பை மட்டும் சார்ஜ் பண்ணி வச்சா இருட்டுலயும் எழுதலாம்.

[காட்சி: டெப் திரை. கடிதம்.]

இதுதான் அம்மாவோட கடிதம். போன ஞாயித்துக்கிழமை அவங்க சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பேர் வந்த இடத்துல “நிறுத்து”னு சொல்லிட்டு, கண்ணாடியைப் போட்டு, திரைக்குக் கிட்ட வந்து எழுத்து எழுத்தாப் பார்த்தாங்க. அப்புறம், “அந்த ‘ள’வை நானே அடிக்கிறேன்”னாங்க. ‘ள’ எந்த விசைனு காட்டினேன், ஒத்த விரலால அமுக்கினாங்க.

உங்க பேர்ல, உங்க ஊர்ப் பேர்ல ல, ள, ழ எது இருக்குனு கீழ தமிழ்லயே தட்டிப் போடுங்க. எந்தக் கீபோர்ட் முறைனும் எழுதுங்க. தமிழ் 99 ஒட்டுற எழுத்தெல்லாம் நான் ஒரே தாள்ல வரைஞ்சு வச்சிருக்கேன், அடுத்த வீடியோவுல அதை முழுசாக் காட்டுறேன், நிறுத்திப் பார்த்து எழுதிக்கலாம்.