பிறப்புப் பதிவேட்டில் தொடங்கும் வகுப்பறைக் கணக்கு

(தஞ்சாவூரை அடுத்த ஊராட்சி ஒன்றில், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, ஊராட்சி உறுப்பினர்களே, மேலாண்மைக் குழுவில் பொறுப்பேற்றிருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தஞ்சாவூரைச் சுற்றி நாஞ்சிக்கோட்டை, நீலகிரி, பிள்ளையார்பட்டி, வல்லம் என்று எந்தத் திசையில் சென்றாலும் மனைக்கற்களையும் புது வீடுகளையும் காண்கிறோம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, குடும்பத் தலைவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைத்துக்கொண்டிருக்க, பிள்ளைகளின் படிப்புக்காகத் தாய்மார்கள் இங்கே குடிவருகிறார்கள். வீடு கட்ட ஓராண்டு போதும். அந்த வீட்டுக் குழந்தைக்கு அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பறை கிடைப்பதற்கு அதைப்போலப் பல மடங்கு காலம் ஆகிறது. இந்த இடைவெளியில்தான் நூலக அறை வகுப்பறையாகிறது, இரண்டு பிரிவுகள் ஒரே அறையில் முதுகோடு முதுகாக அமர்கின்றன, மதிய உணவுக்குப் பிள்ளைகள் இரண்டு பந்தியாக உட்காருகிறார்கள்.

'பிறப்பே குறைந்துகொண்டு வருகிறது, புதிய வகுப்பறை எதற்கு?' என்ற கேள்வி அலுவலகங்களில் எழுகிறது. நியாயமான கேள்விதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.8; தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1-ஐவிட இது குறைவு. ஆனால் குழந்தைகளின் மொத்த எண்ணிக்கை குறைவதும், இருக்கும் குழந்தைகள் இடம்பெயர்வதும் ஒரே காலத்தில் நடக்கின்றன. கடைமடைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அறைகள் காலியாக இருக்கும்போது, அதே மாவட்டத்தின் புறநகர்ப் பள்ளியில் நிற்க இடமில்லை. இரண்டையும் கூட்டி எடுக்கும் மாவட்டச் சராசரி, எந்தப் பள்ளியின் உண்மையையும் சொல்வதில்லை.

இப்போதுள்ள ஏற்பாடு ஏன் எப்போதும் பின்தங்கியே வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் இருக்க வேண்டும்; ஆசிரியர் ஒருவருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை வேண்டும். அறை ஆசிரியரைச் சார்ந்திருக்கிறது. ஆசிரியர் பணியிடமோ ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைச் சார்ந்திருக்கிறது. அதே சட்டம், எந்த மாதத்தில் வந்தாலும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. செப்டம்பரில் குடிவந்த குழந்தை அடுத்த ஆகஸ்ட் வரை பணியாளர் நிர்ணயக் கணக்கில் இல்லை. அதன் பிறகு, உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும் பணிநிரவல், அதன் பிறகு கட்டடத்துக்கான கருத்துரு, மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி. கட்டடம் எழும்போது, யாருக்காகக் கேட்டோமோ அந்தப் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளிக்குப் போயிருப்பார்கள். இதில் தனிப்பட்ட யாரையும் நான் குறைசொல்லவில்லை; வந்துவிட்ட குழந்தையை மட்டுமே எண்ணும் முறை, வரப்போகும் குழந்தைக்கு இடம் தேடாது.

நம் டெல்டாவில் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படும் என்று எதிர்பார்த்து, கோடையிலேயே வாய்க்கால்களைத் தூர்வாரக் கேட்கிறோம். தண்ணீர் வந்தபின் மண்வெட்டி எடுப்பதில்லை. அதே ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மட்டும் ஏன் திகைத்து நிற்க வேண்டும்?

முன்கூட்டிக் கணிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. முதல் வகுப்பில் ஐந்து வயது நிறைந்த குழந்தையைச் சேர்க்கிறோம். ஆகவே பிறப்புப் பதிவேடு ஐந்தாண்டுக்கு முன்பே தகவல் தருகிறது, அங்கன்வாடிப் பதிவேடு இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பு தருகிறது. பிரசவம் வேறு ஊர் மருத்துவமனையில் பதிவாகியிருக்கும் என்பதால், கிராம சுகாதாரச் செவிலியரின் தடுப்பூசிப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடிவருகிறவர்களை அறிய இன்னொரு வழி உண்டு. ஒரு பேச்சுக்கு, சென்ற ஆண்டு முதல் வகுப்பில் 50 பேர் இருந்து, இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் 56 பேர் இருந்தால், அந்த ஏற்றம் நூற்றுக்குப் பன்னிரண்டு. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் இப்படிப் பார்த்தால் போக்கு புலப்படும். புதிய குடிநீர் இணைப்புகளும் வீட்டு வரிப் பதிவுகளும் அதைச் சரிபார்க்க உதவும். காலை உணவுத் திட்டம், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு போன்றவை தனியார் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு ஈர்க்கக்கூடியவை என்பதால், கணிப்பை ஆண்டுதோறும் திருத்த வேண்டும்.

இந்தப் பதிவேடுகள் அனைத்தும் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஆனால் வேறு வேறு மேசைகளில் இருக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. மேலாண்மைக் குழு மூன்றாண்டு மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பதும், அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் வகுப்புவாரியான சேர்க்கை மதிப்பீடும், கூடுதலாகத் தேவைப்படும் ஆசிரியர்களும் கட்டடங்களும் இடம்பெற வேண்டும் என்பதும் கல்வி உரிமை விதிகளிலேயே உள்ளன. தன் எல்லையில் வசிக்கும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவைப் பேணுவது உள்ளாட்சியின் கடமை என்கிறது அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. நடைமுறையில் திட்டப் படிவத்தில் சுண்ணாம்பு அடிப்பதும் குழாய் மாற்றுவதும் எழுதப்பட்டு, சேர்க்கை மதிப்பீட்டுப் பகுதியில் நடப்பாண்டு எண்ணே மறுபடி நிரப்பப்பட்டுவிடுமானால், அந்தத் திட்டத்தால் பயனில்லை.

நெரிசல் என்பது வசதிக் குறைவு மட்டும்தான் என்று நம் மாவட்டத்தில் எவரும் எண்ண முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் இயங்கிய இடத்தில், கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். குறுகலான படிக்கட்டில் இறங்கித் தப்ப அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. பள்ளிகளில் கீற்றுக் கூரை அதன்பின் தடைசெய்யப்பட்டது. ஆனால் இரும்புத் தகரக் கொட்டகைக்குள்ளும் மாடிப்படி அடியிலும் வகுப்பு நடத்தும் நிலை வந்தால், ஆபத்து வேறு உருவில் தொடர்கிறது என்றே பொருள். தற்காலிகக் கொட்டகை நன்கொடையாகத் தர முன்வரும் நல்ல உள்ளங்களை நான் மதிக்கிறேன். அவர்களிடம் சொல்வதெல்லாம், அந்தப் பணத்தில் கழிப்பறை கட்டிக் கொடுங்கள் என்பதே.

நிலத்தைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. அறையை அடுத்த ஆண்டும் கட்டலாம். மனையாக விற்றுவிட்ட நிலத்தைத் திரும்பப் பெற முடியாது. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படுகிறது. அது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உரியது, அதில் பள்ளி கட்டக் கேட்பது சரியன்று. ஒரு மனைப்பிரிவுக்குப் பின் இன்னொன்றாக அனுமதி தரும்போது, இத்தனை வீட்டுப் பிள்ளைகளும் எங்கே படிப்பார்கள் என்ற கேள்வி கோப்பில் இடம்பெற வேண்டும். இருக்கும் பள்ளியின் விளையாட்டுத் திடலைக் கட்டடத்துக்குக் கொடுப்பதையும் நான் ஏற்கவில்லை. மேல்தளம் தாங்கும் அடித்தளம் இருக்கிறதா என்று பொறியாளர் சான்று பெற்று, மேலே கட்டுவதை முதலில் ஆராயலாம்.

கடைமடைப் பள்ளிகளை மூடி, அந்த ஆசிரியர்களை இங்கே கொண்டுவரலாம் என்றும் ஒரு யோசனை சொல்லப்படுகிறது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற உரிமை அந்தக் கிராமத்துக் குழந்தைக்கும் உண்டு. இங்குள்ள பிள்ளைகளுக்காகக் கேட்கும் நாம், அங்குள்ள பிள்ளையின் பள்ளியை விலையாகக் கொடுக்கக் கூடாது.

நவம்பருக்குள் அங்கன்வாடிப் பதிவேடு, தடுப்பூசிப் பட்டியல், ஐந்தாண்டு வகுப்புவாரி எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு குழுவும் திரட்டிவிட வேண்டும். டிசம்பரில் மூன்றாண்டு மதிப்பீட்டை எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு படி அனுப்பிவிட்டு, ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அதற்கு முன்பாக ஊராட்சித் தலைவர் அவர்கள், கிராம நிர்வாக அலுவலரின் உதவியோடு, பள்ளிக்குப் பயன்படக்கூடிய புறம்போக்கு நிலங்களின் புல எண்களைப் பட்டியலிட்டுத் தர வேண்டும் என்று இந்த மேடையில் வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.