சமையலறைக்குள் எதற்கு வந்தேன்?

நேயர்களுக்கு வணக்கம்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனால், பால் ஞாபகமே வராது. நன்றாகத் தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றுகொள்ளும். எழுதிய கணக்கை மூன்று தடவை கூட்டினால் மூன்று விடை வரும். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் பலர் இதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்கிறார்கள்: "எங்கம்மாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் வந்துடுச்சா டாக்டர்?"

அநேகமாக இல்லை. 65 வயதுக்குள் அல்சைமர் என்கிற மறதி நோய் வருவது அரிது. நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த மறதியும் மந்தமும் தொடங்கிவிடலாம். 1990-களில் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்வான்' ஆய்வு ஒரே பெண்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தது. மாதவிடாய் நிற்கப்போகும் கட்டத்தில், புதியதைக் கற்பதில் ஒரு தேக்கம் தெரிந்தது. நின்ற பிறகு அந்தத் தேக்கம் விலகியது.

நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், கவனத்தை நிறுத்திவைக்கும் முன்மூளை, இரண்டு இடத்திலும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கு வேலை உண்டு. அந்த ஹார்மோன் இந்தக் காலத்தில் சீராக இறங்குவதில்லை. ஏறி ஏறி இறங்குகிறது. ஒரு வாரம் தெளிவாகவும் மறு வாரம் மந்தமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாதவிடாய் நிற்கும் காலம் வந்துவிட்டதா என்று பார்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் பரிசோதனை 45 வயதுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாததும் இதனால்தான். இன்று வரும் எண் அடுத்த வாரம் வேறாக இருக்கும்.

"மறந்துட்டேன்" என்கிறோமே, பல சமயம் மறக்கவில்லை, பதியவே இல்லை. சாவியை வைக்கும்போது கையில் போன், காதில் பேச்சு. வைத்த இடம் மூளைக்குப் போய்ச் சேரவே இல்லை என்றால், பிறகு எங்கே தேடுவது?

பதிய விடாமல் தடுப்பதில் முதலிடம் தூக்கக் குறைவுக்கு. நடுராத்திரி உடம்பு குப்பென்று சூடேறி, வியர்த்து, விழிப்பு வரும். இரண்டு மூன்று முறை இப்படி எழுந்தால், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் பயனில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். இரவில் காரம் குறையுங்கள், பருத்தி உடையும் மின்விசிறியும் போதும். முந்தின இரவு எப்படிப் போயிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்களுக்குத்தான் அது வரும் என்று விட்டுவிடுகிறோம்.

அடுத்தது, வயதின் மேல் பழியைப் போடுமுன் ரத்தத்தைப் பார்த்துவிடுவது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), வைட்டமின் பி12, சர்க்கரை. மாதவிடாய் நிற்கும் முன் ரத்தப்போக்கு அதிகமாகிப் பலருக்கு இரும்புச்சத்து கரைந்துபோகிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய குழப்பம் செய்கிறது: முடி கொட்டுகிறதென்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வகங்களில் தைராய்டு முடிவையே தவறாகக் காட்டிவிடும். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் விழுங்கிய கையோடு காபி குடிக்கிறவர்கள் நிறைய. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை போட்டும் மந்தம் போகாது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் ஞாபகத்தை மழுக்கும்.

அன்றாட வேலையில் என்ன செய்யலாம்? ஒரு நேரம் ஒரு வேலை. கேஸை அணைக்கும்போது "அடுப்பை அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். காதும் வாயும் சேர்ந்தால் பதிவு உறுதியாகும். பாலை வைத்துவிட்டு நகர்வதானால் டைமர் போட்டுக்கொண்டே நகருங்கள். அலுவலகத்தில் யாராவது கூப்பிட்டால், எழுவதற்கு முன் அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரி எழுதிவிடுங்கள், "ரசீது 14 வரை சரிபார்த்தது" என்கிற மாதிரி. திரும்பி வந்து முதலிலிருந்து கூட்ட வேண்டாம். கவனம் தேவைப்படும் வேலையைக் காலையில் வைத்து, போனை வேறு அறையில் விட்டு, 25 நிமிடம் செய்து 5 நிமிடம் எழுந்து நடங்கள். குறிப்பு நோட்டு ஒன்றே ஒன்று போதும். மூன்று நோட்டும் நான்கு செயலியும் வைத்தால் எதில் எழுதினோம் என்பதே இன்னொரு மறதியாகிவிடும்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. தூக்கம், மனநிலை, எலும்பு, மூன்றுக்கும் இது உதவும். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஞாபகசக்தி மாத்திரை என்று விற்பவை இந்த மந்தத்தைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

ஹார்மோன் சிகிச்சை மந்தத்துக்காக மட்டும் தரப்படுவதில்லை. உடல் சூடேறித் தூக்கம் கெடுகிறவர்களுக்கு, 60 வயதுக்குள்ளோ மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள்ளோ தொடங்கினால் நல்ல பலன் உண்டு. தூக்கம் திரும்பும்போது தலையும் தெளியும். 2003-ல் வெளியான பெரிய ஆய்வில் டிமென்ஷியா என்கிற மறதி நோய் அதிகரித்தது 65 வயதைத் தாண்டி, ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களிடம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாக இது ஆகாது.

சாவி எங்கே என்று தேடுவது சாதாரணம். சாவி எதற்கு என்று தெரியாமல் நிற்பது சாதாரணம் அல்ல. பழகிய தெருவில் வழி தப்புவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, எடுத்துச் சொன்னாலும் நினைவு வராதது, இவற்றை வீட்டார் கவனித்தால் தாமதிக்க வேண்டாம். திடீரென்று பேச்சு குழறினாலோ முகம் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

மற்றபடி டாக்டரைப் பார்க்கப் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எந்த நேரத்தில் தடுமாறினீர்கள், கடைசி மாதவிடாய் என்று வந்தது. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து. வணக்கம்.